பூஜ்யத்திலிருந்து எழும் சுரம்: வால்யூம் ஸ்வெல் பற்றி வாசகர் கேள்விகள்

எலெக்ட்ரிக் கிட்டாரில் வால்யூமை முழுக்க மூடிவிட்டுத் தந்தியை மீட்டி, பிறகு மெல்லத் திறந்தால், பிக் (மீட்டும் சிறு தகடு) தந்தியில் படும் அடி காதுக்கு வராது. சுரம் மட்டும் எங்கிருந்தோ ஊறி வரும். இதைத்தான் வால்யூம் ஸ்வெல் என்கிறார்கள். ஒலிப்பது எந்த வாத்தியம் என்று நம் காது பிரித்தறிவது பெரும்பாலும் சுரம் தொடங்கும் அந்த முதல் துணுக்கை வைத்துத்தான். அதை வெட்டிவிட்டால் கிட்டார் வயலின் போலவும் ஆர்கன் போலவும் ஏமாற்றும். இந்த இதழில் வந்திருக்கும் கேள்விகள் எல்லாம் இதைப் பற்றியவையே.

சர்ச் ஆராதனையில் ஸ்ட்ராட் வகைக் கிட்டார் வாசிக்கிறேன். சுண்டு விரலால் ஸ்வெல் செய்யும்போது ஒவ்வொரு சுரத்தின் முன்னும் ‘டிக்’ என்று பிக் சத்தம் கேட்கிறது. தாளத்துக்கும் பிந்திப் போகிறேன். என்ன செய்யலாம்?
— வாசகர், நாகர்கோவில்

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலில் ‘டிக்’.

வால்யூம் நாப் (திருகு குமிழ்) உண்மையிலேயே பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். முழுக்க மூடிவிட்டு ஆறு தந்திகளையும் பலமாக மீட்டுங்கள். ஆம்ப்பில் எதுவும் கேட்கக் கூடாது. மெலிதாகக் கசிந்தால், நாப்பின் அடியில் உள்ள வால்யூம் பாட்டின் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மாறு தடை) கிரவுண்ட் காலில் சால்டர் விட்டிருக்கலாம், அல்லது உள்ளே கார்பன் பாதை தேய்ந்திருக்கலாம். கசியவில்லை என்றால் கோளாறு கையில்தான். அவசரத்தில் விரல் நாப்பை 1 வரைதான் மூடுகிறது; அல்லது பிக் தந்தியை விடும் முன்பே திறக்கத் தொடங்கிவிடுகிறது. மூடு, மீட்டு, திற: இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும். மீட்டுவதும் திறப்பதும் ஒரே அசைவாகக் கலந்தால் ‘டிக்’ தப்பாது.

விரலை எங்கே வைப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. வலது கையால் மீட்டுபவருக்கு, நாப்பின் கீழ்ப்பக்கத்தில், அதாவது தரையை நோக்கிய பக்கத்தில் சுண்டு விரலைக் கொக்கி போல வளைத்து வைத்தால், பிரிட்ஜ் பக்கம் இழுக்கும்போது சத்தம் ஏறும். தந்தியை ஒட்டிய மேல்பக்கத்தில் வைத்தால் கழுத்துப் பக்கம் தள்ளும்போது ஏறும். முதல் முறையில் பிடி நன்றாக இருக்கும். வியர்வையில் விரல் வழுக்கினால் நாப்பைச் சுற்றி ஒரு ரப்பர் ஓ-ரிங் மாட்டிவிடுங்கள். நாப்பின் அடி பிக்கார்டில் உரசினாலும் திருப்புவது கனமாகும். அரை மில்லிமீட்டர் தூக்கி மாட்டினால் போதும்.

இனி தாளம். ஸ்வெல்லில் கேட்பவர் காதுக்கு அடி விழும் இடம் நீங்கள் மீட்டும் இடமல்ல, சத்தம் நிறையும் இடம். ஆகவே முன்கூட்டியே மீட்ட வேண்டும். மெட்ரோநோமை 60-இல் வைத்தால் ஒரு அடிக்கு ஒரு விநாடி. சுரம் நிறைய அரை விநாடி ஆகிறது என்றால், முதல் அடிக்கு முந்தைய ‘நான்கு-அண்ட்’டில், அதாவது அரை அடி முன்னால் மீட்டுங்கள். முதல் அடியில் நாப் 7-ஐத் தொட வேண்டும். இரண்டாம், மூன்றாம் அடிகளில் அங்கேயே நிற்கட்டும். நான்காம் அடி விழுந்ததும் சட்டென்று மூடி, உடனே வரும் ‘அண்ட்’டில் அடுத்த சுரத்தை மீட்டுங்கள். மூடுவதற்குக் கிடைப்பது அரை விநாடிக்கும் குறைவு. பெரும்பாலோர் திறப்பதைத்தான் பழகுகிறார்கள். மூடும் வேகத்தை யாரும் பழகுவதில்லை. தாளம் பிந்துவது அங்கேதான்.

இடது கைக்கு ஒரு வசதி இருக்கிறது: சத்தம் மூடியிருக்கும்போது அது என்ன செய்தாலும் வெளியே தெரியாது. தந்தியை முன்பே வளைத்து வைத்து, சத்தம் நிறைந்த பிறகு மெல்ல விடலாம். வைப்ராட்டோ மட்டும் சுரம் முழுதாக வந்த பிறகே தொடங்க வேண்டும். முன்பே தொடங்கினால் சுருதி தப்பியதுபோல் கேட்கும்.

வால்யூம் பாட் மாற்றப் போகிறேன். கடையில் ஏ வகை, பி வகை என்று இரண்டு காட்டுகிறார்கள். ஸ்வெல்லுக்கு எது?
— வாசகர், மதுரை

இன்று கடையில் கிடைக்கும் ஆசியத் தயாரிப்புகளில் ‘ஏ’ என்றால் லாக் (முதலில் மெல்ல, பிறகு வேகமாகக் கூடுவது), ‘பி’ என்றால் லீனியர் (ஒரே சீராகக் கூடுவது). பழைய ஐரோப்பியப் பாட்களில் இந்த எழுத்துகள் தலைகீழாக இருக்கும். சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரால் அளந்துவிடுங்கள். நாப்பைச் சரியாக நடுவில் நிறுத்தி, கிரவுண்ட் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே பாருங்கள். மொத்தத்தில் பாதி காட்டினால் லீனியர். பத்தில் ஒரு பங்கை ஒட்டிக் காட்டினால் லாக்.

டெசிபெல் கணக்கில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். லீனியர் நடுவில் நிற்கும்போது சத்தம் 6 டெசிபெல்தான் குறையும். லாக் அதே இடத்தில் 20 டெசிபெல் குறைக்கும். லீனியரில் அந்த 20 டெசிபெல் குறைவு வருவது சுற்றின் முதல் பத்தில் ஒரு பங்கிலேயே, ஏறக்குறைய 30 பாகையில். அதாவது விரல் லேசாக அசைந்ததுமே சுரம் காதுக்கு வந்துவிடும். மீதிச் சுற்றில் பெரிய மாற்றம் இராது.

சுண்டு விரலின் ஒரே இழுப்பில் முழுச் சுற்றையும் கடப்பது கடினம். ஆகவே வேகமான, குறுகிய ஸ்வெல்களுக்கு லீனியர் கைகொடுக்கும். மூன்று நான்கு விநாடி நீளும் ஸ்வெல்லுக்கு லாக்தான் சீராக ஏறும். இருப்பது ஒரே கிட்டார் என்றால் எங்கள் பரிந்துரை லாக். ஆம்ப்பை உங்கள் வழக்கமான சத்தம் 7-லேயே கிடைக்கும்படி வைத்துக்கொண்டால் விரலும் குறைவாகவே திரும்பினால் போதும்.

பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் காந்தச் சுருள்) ஒற்றைச் சுருளான சிங்கிள் காயில் என்றால் 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளான ஹம்பக்கர் என்றால் 500 கிலோ ஓம் பாட் என்பது வழக்கம். வாங்கும் முன் துளையை அளந்துவிடுங்கள். அமெரிக்க அளவுப் பாட்டின் கழுத்து 9.5 மி.மீ.; ஆசியக் கிட்டார்களின் துளை பெரும்பாலும் அதைவிடச் சிறியது.

இன்னொன்று. நாப் பாதியில் இருக்கும்போது ட்ரெபிள் (மேல் அதிர்வெண்கள்) மங்குவதைக் கவனித்திருப்பீர்கள். 250 கிலோ ஓம் பாட் ஒரு நிலையில் அதிகபட்சம் 62.5 கிலோ ஓம் தடையாகத் தெரியும். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்தால் 6 மீட்டர் கேபிள் 600 பிக்கோஃபாரட். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 4,200 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை மழுக்குகின்றன. 500 கிலோ ஓம் பாட்டில் இது 2,100-க்கே இறங்கிவிடும். ஸ்வெல்லுக்கு இது குறையே அல்ல. சுரம் இருண்டு தொடங்கி, ஏற ஏற வெளுக்கும். அந்த நிறமாற்றமே பாதி அழகு.

இதைத் தடுக்க ட்ரெபிள் பிளீட் (ட்ரெபிளை மட்டும் கடத்திவிடும் சிறு இணைப்பு) போடுபவர்கள் எதைப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வெறும் கெபாசிட்டர் மட்டும் போட்டால் சுரத்துக்கு முன் மெல்லிய தகரச் சத்தம் முந்திக்கொள்ளும். 100 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 2 நானோஃபாரட்டையும் பக்கவாட்டில் இணைக்கும் முறையில் ரெசிஸ்டர் பாட்டின் ஏற்றத்தையே மாற்றிவிடும். நடுவில் 20 டெசிபெல் குறைய வேண்டிய 250 கிலோ ஓம் லாக் பாட் 11.5 டெசிபெல்தான் குறையும். ஸ்வெல் வாசிப்பவர் 130 கிலோ ஓமையும் 1.2 நானோஃபாரட்டையும் தொடராக இணைப்பது நல்லது. அல்லது எதுவுமே போடாமல் விடலாம்.

என்னிடம் இருப்பது லெஸ் பால் வகை. நாப் எட்டவே மாட்டேன் என்கிறது.
— வாசகர், ஈரோடு

எட்டாதுதான். மீட்டிய பிறகு கையை நாப்புக்குக் கொண்டுபோய் இரண்டு விரலால் திருப்பினால் மெதுவான பாட்டில் சமாளிக்கலாம். அல்லது வலது கை நாப்பிலேயே இருக்க, இடது கை விரலால் ஃப்ரெட்டில் தட்டியே சுரத்தை எழுப்பலாம். பிக்கப் சுவிட்ச் நடுவில் இருந்தால், வழக்கமான வயரிங்கில் இரண்டு வால்யூம்களில் எதை மூடினாலும் மொத்தச் சத்தமும் அடங்கும். கைக்கு வசதியானதைப் பயன்படுத்துங்கள். நிறைய ஸ்வெல் வாசிக்கிறீர்கள் என்றால் பெடல் வாங்குவதே வழி.

வால்யூம் பெடல் வாங்க நினைக்கிறேன். 250 கிலோ ஓம், 25 கிலோ ஓம் என்று இரண்டு மாடல்கள் இருக்கின்றன. எதை வாங்குவது, வரிசையில் எங்கே வைப்பது?
— வாசகர், சென்னை

எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்; எதை வாங்குவது என்பது அதிலிருந்து தானாக வரும்.

கிட்டாரிலிருந்து வரும் கேபிள் நேராகப் பெடலுக்குப் போனால் அதிகத் தடை உள்ள 250 கிலோ ஓம் வகை வேண்டும். எர்னி பாலின் வி.பி. ஜூனியரில் 250 வகை, பாஸ் நிறுவனத்தில் பெயரின் இறுதியில் ‘ஹெச்’ வரும் வகை இதற்கானவை. பெடலுக்கு முன்னால் பஃபர் (சிக்னல் வலுவிழக்காமல் காக்கும் மின்சுற்று) உள்ள வேறு பெடல் ஏதாவது எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் 25 கிலோ ஓம் அல்லது ‘எல்’ வகை. பேசிவ் (பேட்டரி இல்லாத) கிட்டாரை நேராக 25 கிலோ ஓமில் சொருகினால் பிக்கப்பின் உயிரே போய்விடும்: சத்தம் குறையும், ட்ரெபிள் காணாமல் போகும். மாறாக, பஃபருக்குப் பின்னால் 250-ஐ வைத்தால் அவ்வளவு கேடில்லை. அதற்குப் பின் வரும் கேபிள் நீளமாக இருந்தால் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். 250 வகையில் ட்யூனருக்குத் தனி அவுட் இருந்தால், அதில் ட்யூனரை மாட்டும்போதும் ட்ரெபிள் குறையக்கூடும். ட்யூனரைப் பெடலுக்கு முன்னால் வரிசையிலேயே வைத்துவிடுவது மேல்.

ஸ்வெல்லுக்கு நாங்கள் சொல்லும் வரிசை: கிட்டார், ட்யூனர், கம்ப்ரெஸ்ஸர் (சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைப்பது), ஓவர்டிரைவ் (கரகரப்பு சேர்ப்பது), வால்யூம் பெடல், டிலே (எதிரொலி), ரிவர்ப் (அறை முழக்கம்), ஆம்ப். டிலேயும் ரிவர்பும் வால்யூமுக்குப் பின்னால் இருப்பது கட்டாயம். பெடலை மூடினாலும் முந்தைய சுரத்தின் வால் தொடர்ந்து ஒலிக்கும். அந்த நிழலில்தான் அடுத்த சுரம் சத்தமின்றி நுழைய முடியும். வரிசையைத் திருப்பிப்போட்டால் பெடலை மூடும்போது எல்லாமே ஒரே வெட்டாக நின்றுபோகும். கம்ப்ரெஸ்ஸர் முன்னால் இருக்க வேண்டியதற்கும் காரணம் உண்டு. அது சுரத்தை நீட்டித் தரும், 4:1 விகிதம் போதும். அதையே வால்யூமுக்குப் பின் வைத்தால் நீங்கள் காலால் ஏற்றியதை அது அமுக்கிச் சமமாக்கிவிடும். நீங்கள் மூடும்போது இரைச்சலை மட்டும் தூக்கிக் காட்டும்.

கால் பழக்கம்: குதிகால் பெடலின் அடியில் ஊன்றி நிற்கட்டும், கணுக்கால் மட்டும் அசையட்டும். முழங்காலிலிருந்து அழுத்தினால் ஏற்றம் படிப்படியாக உதறும். முழு நீளத்தையும் ஒரே மூச்சில் தீர்த்துவிடாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு வரை ஏற்றி நிறுத்திவிட்டு, சுரம் தேயத் தேய மீதியைக் கொடுங்கள். பெடல் ஸ்டீல் (கிடத்தி வைத்து வாசிக்கும் கிட்டார்) வாசிப்பவர்கள் கால் எப்போதும் பெடலில் இருப்பது இதற்காகத்தான். தந்தி இழக்கும் சத்தத்தைக் கால் ஈடுகட்டுகிறது.

பாஸ் எஃப்.வி.-500 போன்றவற்றில் குறைந்தபட்ச வால்யூம் என்று ஒரு சிறு நாப் உண்டு. அது பூஜ்யத்தில் இல்லையென்றால் எவ்வளவு மூடினாலும் பிக் சத்தம் கசியும். எர்னி பாலில் பெடலையும் பாட்டையும் இணைப்பது ஒரு நூல். அது தேய்ந்து அறுவது சகஜம். மேடையில் அறுந்தால் கதை முடிந்தது, ஆகவே உதிரி நூல் ஒன்று பையில் இருக்கட்டும்.

டிஸ்டார்ஷன் போட்டால் ஸ்வெல் ஏறுவதே இல்லை. நாப்பைத் தொட்டதுமே முழுச் சத்தமும் வந்து விழுகிறது. ஏன்?
— வாசகர், கோயம்புத்தூர்

டிஸ்டார்ஷன் செய்வதே அதுதான். உள்ளே வரும் அலையின் உச்சியை வெட்டுவதால், உள்ளே எவ்வளவு கூட்டினாலும் வெளியே ஓர் அளவுக்கு மேல் ஏறாது. கிட்டார் நாப் எப்போதும் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் இருக்கிறது. ஆகவே 0-விலிருந்து 2 வரைக்குள்ளேயே சத்தம் உச்சத்தைத் தொட்டுவிடும். 2-லிருந்து 10 வரை கரகரப்புதான் கூடும்.

சத்தம் மட்டும் ஏற வேண்டும், கரகரப்பு மாறக் கூடாது என்றால் வால்யூம் பெடலை டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வையுங்கள். ஆம்ப்பின் சொந்த டிஸ்டார்ஷனைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ஆம்ப்பில் எஃபெக்ட்ஸ் லூப் (அந்த டிஸ்டார்ஷனுக்குப் பின் பெடல்களை இணைக்கும் வழி) இருக்க வேண்டும். பெடலும் டிலேயும் அதற்குள் போகும், அங்கே ‘எல்’ வகைப் பெடல்தான் பொருந்தும். இல்லை, நிறம் மாறிக்கொண்டே ஏறுவதுதான் வேண்டும் என்றால் கெயினை (கரகரப்பின் அளவை) பாதியாகக் குறைத்துவிட்டு நாப்பையே பயன்படுத்துங்கள். தெளிந்த சத்தம் மெல்லக் கரகரத்துத் திரளும் அந்த ஏற்றத்தைப் பெடலால் தர முடியாது. டெலிகாஸ்டர் வாசித்த ராய் பியூகானன் இதில் கைதேர்ந்தவர். வால்யூம் நாப்போடு டோன் நாப்பையும் சேர்த்துத் திருப்பி அழவைப்பார். ஜெஃப் பெக் ஸ்ட்ராட்டில் சுண்டு விரலை நாப்பிலிருந்து எடுத்ததே அரிது.

ஸ்வெல்லுக்குச் சுரம் நீண்டு நிற்பதும் வேண்டும். ஸ்ட்ராட்டில் கழுத்துப் பிக்கப் தந்தியை நெருங்கி இருந்தால் காந்தம் தந்தியின் அதிர்வை இழுத்துச் சுருக்கும், சுருதியும் தள்ளாடும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அளந்தால், தடித்த ஈ தந்திக்கும் பிக்கப்புக்கும் 2.4 மி.மீ., மெல்லிய ஈ தந்திக்கு 2 மி.மீ. இடைவெளி சரியான தொடக்கம்.

டிலேயோடு ஸ்வெல் செய்து ஒரே கிட்டாரில் ஆர்கன் போல ஓடவிடுகிறார்களே, அதற்கு டிலே நேரம் எவ்வளவு?
— வாசகர், யாழ்ப்பாணம்

நீங்கள் சொல்வது எடி வான் ஹேலன் 1982-இல் ‘டைவர் டவுன்’ ஆல்பத்தின் ‘கதீட்ரல்’ என்ற சிறு துண்டில் செய்து காட்டிய முறை. இடது கை ஃப்ரெட்டில் தட்டியே சுரங்களை எழுப்பும். வலது கை ஒவ்வொரு சுரத்துக்கும் வால்யூம் நாப்பைத் திறந்து மூடும். இடைவெளியை டிலே நிரப்பும்.

கணக்கு எளிது. 60,000-ஐ வேகத்தால் வகுத்தால் ஓர் அடிக்கு இத்தனை மில்லி விநாடி என்று வரும். அதில் பாதி எட்டாம் பாகச் சுரம். முக்கால் பங்கு டிலே நேரம். வேகம் 100 என்றால் அடி 600, சுரம் 300, டிலே 450. சுரங்களுக்கு நடுநடுவே எதிரொலி விழுவதால் கேட்பவருக்கு இரட்டை வேகத்தில் ஓடுவதாகத் தோன்றும்.

எதிரொலி ஒரே முறை வந்தால் போதும், ஃபீட்பேக் (எதிரொலி திரும்பத் திரும்ப வரும் அளவு) மிகக் குறைவாக இருக்கட்டும். எதிரொலியின் சத்தம் அசல் சுரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் மாயம் கலைந்துவிடும். 300 மில்லி விநாடிக்குள் திறந்து மூடுவது முதலில் கைக்கு வராது. வேகத்தை 60-க்கு இறக்குங்கள்: சுரம் 500, டிலே 750. நாப்பை முழுக்கத் திறக்க முயலாதீர்கள், 0-விலிருந்து 5 வரை போதும். லீனியர் பாட் இங்கேதான் தன் அருமையைக் காட்டும். ஒரே சீராக முன்னும் பின்னும் உருட்டுவது தாளத்தைத் தரும். இடது கை சுரத்தை மாற்றுவது நாப் மூடியிருக்கும் கணத்தில் நடக்க வேண்டும்.

மெதுவான கார்டு ஸ்வெல்லுக்கு இதே அமைப்பு ஒத்துவராது. அதற்கு டிலே கலவை 40 சதவீதம், மூன்று நான்கு எதிரொலி, ரிவர்ப் 4 முதல் 6 விநாடி. கார்டில் ஆறு தந்தியும் வேண்டாம், மூன்று சுரம் போதும். தடித்த இரு தந்திகளையும் தவிருங்கள். கீழ்ச் சுரங்கள் எதிரொலியில் குழம்பிச் சேறாகும். கார்டு மாறும்போது இரண்டுக்கும் பொதுவான சுரத்தை அதே தந்தியில் வைத்துக்கொண்டால் பழைய வாலும் புதிய கார்டும் மோதாது. சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது சி, ஈ இரண்டும் பொது. ஜி மட்டும் ஏ ஆகிறது. இப்படிப்பட்ட மாற்றங்களில் ஸ்வெல் தானாகவே அழகாக விழும். பி-யிலிருந்து சி-க்குத் தாவுவது போன்றவற்றில் ஃபீட்பேக்கைக் குறைத்தே ஆக வேண்டும்.

நாப்பைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம். புதுப் பாட்தான் போட வேண்டுமா?
— வாசகர், திருச்சி

முதலில் சுத்தம் செய்து பாருங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்கும். சென்னையில் ரிச்சி தெருவில் கேட்கலாம். துரு நீக்கும் பொது எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். அது தூசியைப் பிடித்துவைக்கும். பாட்டின் பின்பக்கக் கால்களுக்கு மேலுள்ள இடுக்கில் ஒரு சிறு பீய்ச்சல், பிறகு நாப்பை இரு முனைக்கும் முப்பது முறை திருப்புங்கள். கால் மணி நேரம் உலரட்டும்.

அதன் பிறகும் கரகரத்தால், கிட்டாரை நேராக வேறொரு ஆம்ப்பில் சொருகிப் பாருங்கள். அங்கே சத்தம் இல்லையென்றால் பாட் நிரபராதி. உங்கள் ஆம்ப் அல்லது முதல் பெடலின் நுழைவில் உள்ள கெபாசிட்டர் கசிந்து டி.சி. மின்சாரம் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. வால்யூம் பெடல் கரகரத்தாலும் இதே சோதனைதான். அதற்கு முன்னும் பின்னும் உள்ள பெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எங்கும் கரகரத்தால் பாட்டை மாற்றிவிடுங்கள்.

கர்நாடக ராகங்களை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்கப் பழகுகிறேன். ஸ்வெல் செய்தால் வயலின் போல வரும் என்கிறார்கள். எனக்கு ஹார்மோனியம் போலத்தான் வருகிறது.
— வாசகர், தஞ்சாவூர்

சுரத்துக்குச் சுரம் தனித்தனியாக ஸ்வெல் செய்கிறீர்கள் என்று நினைக்கிறோம். வயலினில் ஒரு வில் வீச்சுக்குள் பல சுரங்கள் அடங்கும். நீங்களோ ஒவ்வொரு சுரத்துக்கும் புது வில் எடுக்கிறீர்கள். வாலும் தலையும் வெட்டுப்பட்ட சுரங்கள் வரிசையாக நின்றால் ஹார்மோனியம்தான்.

மோகனத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். மூன்றாம் தந்தியில் 7-ஆம் ஃப்ரெட்டை ஸட்ஜமாக வைத்தால் ரி 9, க 11, ப 14, த 16. காந்தாரத்தை மூடிய நிலையில் மீட்டுங்கள். பெடலைப் பாதி வரை ஏற்றுங்கள். அங்கே நிற்காமல் பஞ்சமத்துக்கு விரலை வழுக்குங்கள். வழுக்கும் நேரம் முழுக்கக் கால் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். விரல் நகரும்போது தந்தி சத்தத்தை இழக்கும், கால் அதை நிரப்பும். பஞ்சமத்தில் வந்து நிற்கும்போதுதான் பெடல் உச்சியைத் தொட வேண்டும். மறுபடி மீட்டாமலே அங்கிருந்து தைவதத்தைத் தொட்டுத் திரும்புங்கள். ஒரே மீட்டலில் மூன்று நான்கு சுரங்கள். இந்த ஜாரு (வழுக்கிச் செல்லும் கமகம்) சரியாக வந்துவிட்டால் ஹார்மோனியச் சாயல் போய்விடும்.

ஆலாபனையில் நீண்ட கார்வைகளுக்கும், விருத்தத்துக்கும் ஸ்வெல் நன்றாகப் பொருந்தும். பிருகாக்களுக்கும் மத்யம கால கிருதிகளுக்கும் பொருந்தாது. அங்கே மீட்டும் அடி கேட்க வேண்டும், தாளம் அதில்தான் நிற்கிறது. கம்பிதத்தை (சுரத்தை அசைக்கும் கமகம்) ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் தாவி எடுக்காமல் தந்தியை வளைத்து எடுங்கள். அதற்கு 9 அல்லது 10 அளவுத் தந்தி எளிது. டிலேயை முற்றிலும் அணைத்துவிடுங்கள். விட்ட சுரம் எதிரொலியாக வந்து தொட்ட சுரத்தோடு மோதினால் கமகத்தின் வடிவமே தெரியாது. கொஞ்சம் ரிவர்ப் மட்டும் இருக்கட்டும்.

தானாகவே ஸ்வெல் செய்யும் பெடல் இருக்கிறதாமே? கையும் காலும் வருந்த வேண்டியதில்லையே?
— வாசகர், சிங்கப்பூர்

பாஸ் நிறுவனம் 1979-இல் ஸ்லோ கியர் என்ற பெடலை வெளியிட்டது. அதில் இருந்தவை இரண்டே நாப்கள்: எவ்வளவு பலமாக மீட்டினால் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு சென்ஸ், எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்பதற்கு அட்டாக். அந்த உத்தி இன்று அதே நிறுவனத்தின் ஜி.டி.-1 போன்ற மல்டி எஃபெக்ட்களிலும் கிடைக்கிறது.

அதற்கு இரண்டு வரம்புகள். சத்தம் ஓரளவு அடங்கிய பிறகு வரும் அடியைத்தான் அது புதுச் சுரமாக எடுத்துக்கொள்ளும். முந்தைய சுரத்தை விரலால் அணைக்காமல் அடுத்ததை மீட்டினால் பெடல் திறந்தே இருக்கும், பிக் அடி அப்படியே வெளியே வரும். ஆகவே ஒவ்வொரு சுரத்துக்கும் முன் உள்ளங்கையால் தந்தியை ஒரு கணம் அமர்த்த வேண்டும். இரண்டாவது, ஏறும் வேகம் எப்போதும் ஒன்றே. கடைசி வரியில் கொஞ்சம் நீட்டலாம் என்று தோன்றினால் அது கேட்காது. பின்னணியில் கார்டு நிரப்ப இது போதும். முன்னணியில் பாட, நாப் அல்லது பெடல்தான்.

சென்ஸைக் குறைவாக வைத்துத் தொடங்கி, நீங்கள் மீட்டும் மிக மென்மையான அடிக்கும் விழிக்கும் வரை கூட்டுங்கள். இரைச்சல் அதிகமுள்ள கிட்டாரில் சென்ஸைக் கூட்டினால் இரைச்சலே அதை விழிக்கவைத்துவிடும்.

நாய்ஸ் கேட் போட்டதிலிருந்து ஸ்வெல்லின் தொடக்கம் அறுந்து வருகிறது.
— வாசகர், வேலூர்

நாய்ஸ் கேட் இரைச்சலை அடைக்கும் கருவி; அதற்கு மெல்லிய சத்தம் எல்லாம் இரைச்சல்தான். உங்கள் ஸ்வெல்லின் முதல் பாதியை அது இரைச்சல் என்று நினைத்து அடைத்துவிடுகிறது, பிறகு சட்டென்று திறக்கிறது. வால்யூம் பெடல் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கேட்டை அதற்கு முன்னால், டிஸ்டார்ஷனுக்கு அடுத்து வையுங்கள். அங்கே அதற்குக் கிடைப்பது மூடப்படாத முழுச் சத்தம். கிட்டார் நாப்பால் ஸ்வெல் செய்தால் கேட் எங்கே இருந்தாலும் அறுக்கும். அந்தப் பாட்டுக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள்.